சிவில் உரிமை அமைப்புகளில் வேலை செய்பவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கைது, ஒரு காவல் மரணம், ஒரு தடை உத்தரவு பற்றிய செய்தியின் கடைசிப் பத்தியில் ‘சிவில் உரிமை அமைப்பு கண்டனம்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குப் பின்னால் இருப்பவர்கள் யார், எதற்காக இதைச் செய்கிறார்கள் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். உதவி தேடி வருகிறவர்கள் கேட்கிறார்கள். சந்தேகக் கண்ணோடு பார்ப்பவர்கள் இன்னும் அதிகமாகவே கேட்கிறார்கள். எல்லாம் நியாயமான கேள்விகள். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றை விரித்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்த அமைப்புகளின் வேலை என்ன?

அரசு தன் அதிகாரத்தைச் சட்டத்தின் எல்லைக்குள் பயன்படுத்துகிறதா என்று பார்ப்பது. எல்லை மீறப்பட்டால் அதைப் பதிவு செய்வது, வெளியே சொல்வது, தேவைப்பட்டால் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது. கைது, சிறை, சோதனை, தொலைபேசி ஒட்டுக்கேட்பு, தணிக்கை, கூட்டம் கூடத் தடை ஆகியவை இவர்களுடைய அன்றாட விஷயங்கள்.

இப்படிப்பட்ட அமைப்புகள் பெரும்பாலும் ஏதோ ஓர் அத்துமீறலுக்குப் பதிலாகத்தான் பிறந்திருக்கின்றன. முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் வெளிநாட்டில் பிறந்த தொழிலாளர்களையும் இடதுசாரிகளையும் ஆயிரக்கணக்கில் அள்ளிக்கொண்டு போனபோது, 1920இல் அமெரிக்க சிவில் உரிமைகள் ஒன்றியம் உருவானது. பிரிட்டனில் வேலையில்லாதவர்களின் பசி ஊர்வலங்கள் மீது போலீஸ் நடந்துகொண்ட விதத்தைக் கண்காணிப்பதற்காக 1934இல் ஓர் அமைப்பு தோன்றியது. இன்று அதன் பெயர் ‘லிபர்ட்டி’. இந்தியாவில் நேருவின் முயற்சியால் 1936இல் இந்திய சிவில் உரிமைகள் சங்கம் தொடங்கியது; தாகூர் கௌரவத் தலைவராகவும் சரோஜினி நாயுடு செயல் தலைவராகவும் இருந்தார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், ஜெயப்பிரகாஷ் நாராயணன் தொடங்கிய அமைப்பிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய மக்கள் சிவில் உரிமைக் கழகம்.

அங்கே இருப்பவர்கள் எல்லோரும் வழக்கறிஞர்களா?

இல்லை. வழக்கறிஞர் நீதிமன்றத்தில் எழுந்து நிற்பதற்கு முன்பே முக்கால்வாசி வேலையை வேறு யாரோ செய்து முடித்திருப்பார்கள்.

அமெரிக்க சிவில் உரிமைகள் ஒன்றியத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரும் நெடுங்காலம் அதன் இயக்குநராக இருந்தவருமான ரோஜர் பால்ட்வின் சமூகப் பணியாளர். கட்டாய ராணுவச் சேவையை மறுத்து 1918இல் சிறைக்குப் போனவர். ஆந்திரப் பிரதேச சிவில் உரிமைக் கழகத்தின் முதல் தலைவர் தெலுங்குக் கவிஞர் ஸ்ரீஸ்ரீ. 1983 முதல் அதன் பொதுச்செயலாளராக இருந்த கே. பாலகோபால் கணிதப் பேராசிரியர். அவர் வழக்கறிஞரானது பிற்பாடுதான். துணைத்தலைவராக இருந்த ராமநாதம் வாரங்கல்லில் குழந்தைகள் மருத்துவர். பஞ்சாபில் காணாமல் போனவர்களின் கணக்கைத் தேடிய ஜஸ்வந்த் சிங் கால்ரா வங்கியில் வேலை பார்த்தவர்.

இன்றைய பெரிய அமைப்பு ஒன்றுக்குள் நுழைந்தால் முறையீடுகளை வாங்குபவர், களத்துக்குப் போகிறவர், மொழிபெயர்ப்பாளர், ஆவணங்களைக் காப்பவர், கணினிப் பாதுகாப்பைக் கவனிப்பவர், பத்திரிகையாளர்களிடம் பேசுபவர், கணக்கர் என்று பலரைப் பார்க்கலாம். கணக்கரை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆனால் அரசு கோபப்பட்டால் முதலில் வந்து திறப்பது அவருடைய பேரேட்டைத்தான். அதில் ஒரு ரசீது குறைந்தாலும் மொத்த அமைப்பும் முடங்கிப்போகலாம். சிறிய அமைப்புகளில் இத்தனை வேலைகளையும் இரண்டு மூன்று பேரே பார்ப்பார்கள்.

ஒரு முறையீடு வந்ததும் முதலில் என்ன நடக்கிறது?

பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்புதான் தொடக்கம். ‘நேற்று ராத்திரி என் மகனைக் கூட்டிக்கொண்டு போனார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை’ என்று ஒரு தாய் அழுதுகொண்டே பேசுகிறார். எடுத்தவுடன் ஆறுதல் சொல்லத்தான் மனம் துடிக்கும். பழகியவர்கள் அதைச் சற்றுத் தள்ளி வைப்பார்கள். முதல் சில மணி நேரம் தகவலுக்கு உரியது. எத்தனை பேர் வந்தார்கள்? சீருடையிலா, சாதாரண உடையிலா? என்ன வண்டி? எந்த நிலையம் என்று சொன்னார்களா? ஏதாவது காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்களா? பக்கத்து வீட்டில் யாராவது பார்த்தார்களா? அந்தப் பையன் ஏதாவது மருந்து சாப்பிடுகிறவனா?

கேட்டு எழுதியவுடன் அடுத்த அழைப்பு காவல் நிலையத்துக்குப் போகும். ‘இன்னார் உங்களிடம் இருக்கிறாரா?’ என்று வெளியிலிருந்து ஒருவர் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டார் என்பதே உள்ளே இருப்பவருக்குச் சில சமயம் பாதுகாப்பாகிவிடும். யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கிறோம் என்ற நிலை அத்தோடு மாறிவிடுகிறது. அதற்குள் வழக்கறிஞர், பிடித்து வைத்திருப்பவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தச் சொல்லிக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவைத் தயார் செய்யத் தொடங்கியிருப்பார்.

விரிவான வாக்குமூலம் பிற்பாடுதான். அதை வாங்குவது தனிக் கலை. ‘அடித்தார்களா?’ என்று கேட்கக் கூடாது. ‘அப்புறம் என்ன நடந்தது?’ என்றுதான் கேட்க வேண்டும். பதிலை நாம் எடுத்துக் கொடுத்துவிட்டால், பின்னால் குறுக்கு விசாரணையில் அதே வாக்குமூலம் அவருக்கு எதிராகத் திரும்பும். மணி தெரியாது என்பவரிடம் மணியைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது; பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்துவிட்டார்களா, வீட்டில் விளக்கு போட்டிருந்ததா என்று கேட்டால் நேரம் தானாக வந்துவிடும். அவர் தெரியாது என்று சொன்னதைத் தெரியாது என்றே எழுத வேண்டும். அவருடைய சொற்களை நம் சொற்களாக அழகுபடுத்தக் கூடாது. எழுதி முடித்ததும் அவருடைய மொழியிலேயே படித்துக் காட்ட வேண்டும். அப்போதுதான் ‘இல்லை, அந்த அதிகாரி முதலில் வரவில்லை, பிறகுதான் வந்தார்’ என்ற திருத்தம் வரும். அந்த ஒரு திருத்தத்தில் வழக்கே நிற்பதும் விழுவதும் உண்டு.

என்னைக் கேட்டால், ஓர் அமைப்பின் தரத்தை அதன் தலைவரின் பேச்சை வைத்து எடைபோட மாட்டேன். அது எழுதி வாங்கிய வாக்குமூலங்களைப் பார்ப்பேன்.

வெறும் கடிதம் எழுதுவதால் பயன் உண்டா?

உண்டு. மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் செயல் தலைவராக இருந்த டி.கே. பாசு 1986 ஆகஸ்டில், காவலில் நடந்த மரணங்கள் பற்றிய பத்திரிகைச் செய்திகளைச் சேர்த்து, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் அனுப்பினார். நீதிமன்றம் அதையே மனுவாக எடுத்துக்கொண்டது. 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கைது செய்யும் காவலர் பெயர்ப் பட்டை அணிந்திருக்க வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்திட வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும், காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்ற நெறிமுறைகள் அந்தக் கடிதத்திலிருந்து பிறந்தவை. இடையில் பத்து ஆண்டுகள் ஓடியிருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை ஒத்துவராது.

உண்மை அறியும் குழு என்கிறார்களே, அது எப்படி வேலை செய்கிறது?

ஒரு துப்பாக்கிச் சூடோ, ஒரு சேரி எரிப்போ, ஒரு காவல் மரணமோ நடந்தால் சில நாட்களுக்குள் நான்கைந்து பேர் அங்கே போகிறார்கள். ஒரு வழக்கறிஞர், ஓர் ஆசிரியர், ஒரு மருத்துவர், ஒரு பத்திரிகையாளர் என்று கலந்த குழுவாக இருக்கும். பெண்களிடம் பேச வேண்டியிருக்கும் என்பதால் பெண் உறுப்பினர் கட்டாயம் இருக்க வேண்டும். பாதிக்கப்பட்ட தரப்பைப் பார்ப்பது எளிது. அதோடு திரும்பிவிட்டால் அது பாதி வேலைதான். காவல் நிலையத்துக்கும், பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரிடமும், வருவாய் அதிகாரியிடமும் போய்க் கேட்க வேண்டும். பேச மறுத்தால், எந்தத் தேதியில் யார் பேச மறுத்தார் என்று அறிக்கையில் எழுத வேண்டும். எதை நிறுவ முடிந்தது, எதை முடியவில்லை என்று பிரித்துச் சொல்லாத அறிக்கையை நான் நம்புவதில்லை.

1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் அரங்குகளும் மேம்பாலங்களும் எழுந்துகொண்டிருந்தபோது, மக்கள் ஜனநாயக உரிமைகள் சங்கம் சமூக அறிவியலாளர்கள் மூவரை அனுப்பிக் கட்டுமானத் தொழிலாளர்களின் நிலையை ஆராயச் சொன்னது. கூலியில் இடைத்தரகர்கள் கமிஷன் பிடித்துக்கொள்வது வெளியே வந்தது. அந்த அறிக்கையை வைத்து உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதிக்கு எழுதிய கடிதம் வழக்காகி, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டம் தடை செய்த கட்டாய உழைப்பே என்ற தீர்ப்பைத் தந்தது.

கால்ரா செய்தது இன்னும் நுணுக்கமானது. பஞ்சாபில் போலீசார் பிடித்துச் சென்ற இளைஞர்கள் திரும்பி வரவில்லை. அப்படி யாரையும் பிடிக்கவில்லை என்பது காவல்துறையின் பதில். கால்ரா சுடுகாட்டுக்குப் போனார். உரிமை கோரப்படாத உடல் என்று சொல்லி எரிப்பதற்கும் விறகு வேண்டும். விறகுக்குப் பதிவேடு உண்டு. எந்தக் காவல் நிலையம் உடலைக் கொண்டுவந்தது என்ற குறிப்பும் உண்டு. மறைக்க நினைத்தவர்கள் விறகுக் கணக்கை மறந்துவிட்டார்கள். 1995 தொடக்கத்தில் அவர் அந்தப் பதிவுகளை வெளியிட்டார். பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தபோது அமிர்தசரஸ் மாவட்டத்தின் மூன்று சுடுகாடுகளில் மட்டும் இப்படி 2,097 உடல்கள் எரிக்கப்பட்டது தெரியவந்தது. அவற்றில் 1,238 பேர் யார் என்பதே அடையாளம் காணப்படவில்லை. அதைக் கேட்க கால்ரா உயிரோடு இல்லை. 1995 செப்டம்பர் 6 அன்று அவரை வீட்டு வாசலிலிருந்து போலீசார் கடத்திக்கொண்டு போனார்கள். அவரைக் கொன்றதற்காக 2005இல் போலீசார் ஆறு பேர் தண்டிக்கப்பட்டார்கள்.

குற்றவாளிகளுக்கும் வெறுப்பைப் பரப்புகிறவர்களுக்கும் இவர்கள் ஏன் வாதாட வேண்டும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெரும்பாலும் கோபத்தோடு கேட்கப்படுவதும் இதுதான்.

எல்லோருக்கும் பிடித்தவரின் உரிமையை யாரும் பறிக்க வருவதில்லை. ஆகவே உரிமை வழக்குகள் எப்போதும் ஊருக்குப் பிடிக்காதவர்களிடமிருந்தே தொடங்குகின்றன. காவலில் அடிக்கக் கூடாது என்ற விதி திருடனுக்கு இல்லை என்று ஒத்துக்கொண்டால், யார் திருடன் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அடிக்கிறவர் கையிலேயே கொடுத்துவிடுகிறோம்.

இதன் மிகக் கடினமான சோதனை 1977இல் அமெரிக்காவில் வந்தது. சிகாகோவுக்கு அருகே ஸ்கோக்கி என்ற ஊர். ஹிட்லரின் வதைமுகாம்களிலிருந்து தப்பி வந்த யூதர்கள் பலர் அங்கே வாழ்ந்தார்கள். அதே ஊரில் நாஜிச் சின்னத்தோடு பேரணி நடத்த ஒரு சிறு கும்பல் கிளம்பியது. ஊர் நிர்வாகம் தடை போட்டது. பேரணிக்கான உரிமைக்காக அமெரிக்க சிவில் உரிமைகள் ஒன்றியம் வாதாடியது. அப்போது அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆர்யே நையர் 1937இல் பெர்லினில் பிறந்த யூதர். குழந்தைப் பருவத்திலேயே நாஜிகளுக்குத் தப்பிக் குடும்பத்தோடு வெளியேறியவர். வழக்கை நடத்திய டேவிட் கோல்ட்பெர்கரும் யூதர்தான். ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் விலகிப் போனார்கள். நன்கொடை சரிந்தது. ஒன்றியத்தின் பக்கமே தீர்ப்பு வந்தது; அந்தக் கும்பல் கடைசியில் ஸ்கோக்கிக்குப் போகாமல் சிகாகோவிலேயே கூட்டம் போட்டுக் கலைந்தது.

ஊரின் அமைதிக்கு ஆபத்து என்று சொல்லி ஓர் ஊர்வலத்தைத் தடுக்கலாம் என்றால், அதே காரணத்தைக் காட்டிக் கறுப்பின மக்களின் சமத்துவ ஊர்வலங்களையும் வெள்ளையர் ஊர்களில் தடுக்கலாம். தெற்கு மாநிலங்களில் அப்படித் தடுத்தும் இருந்தார்கள். நையரின் பக்கம் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். அதற்காக வதைமுகாமிலிருந்து மீண்டு வந்த ஒருவர் ஜன்னலுக்கு வெளியே அந்தச் சின்னத்தைப் பார்க்க நேரிடுவதன் வலியைச் சிறிதாக்கிப் பேச மாட்டேன். பேச்சு வன்முறைக்கான நேரடி ஏவலாக மாறும் இடத்தில் பாதுகாப்பு முடிகிறது. அந்த இடம் எது என்பதில் இந்த அமைப்புகளுக்குள்ளேயே இன்றும் கடுமையான சண்டை நடக்கிறது. நடக்கத்தான் வேண்டும்.

அரசைக் கண்டிப்பவர்கள் ஆயுதக் குழுக்களின் கொலைகளைக் கண்டிப்பதில்லையே?

சட்டத்தைக் காப்பதாக உறுதி எடுத்துக்கொண்டு, சம்பளமும் ஆயுதமும் மக்களிடமிருந்து பெறுவது அரசு. அது சட்டத்தை மீறுவது தனி வகைக் குற்றம். அதைக் கேட்க ஆள் குறைவு. இது வழக்கமான பதில். ஓரளவு சரியான பதிலும்கூட.

ஆனால் அது போதாது என்று இந்த இயக்கத்துக்குள்ளிருந்தே உரக்கச் சொன்னவர் பாலகோபால். போலீஸ் போலி மோதல்களைப் பற்றி ஆந்திரக் கிராமங்களில் அலைந்து அலைந்து எழுதிய அதே மனிதர், நக்சல் இயக்கத்தின் வன்முறையையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டும் என்றார். ஆந்திரக் கழகத்துக்குள் அது ஏற்கப்படவில்லை. 1998இல் அவரும் தோழர்களும் விலகி மனித உரிமைகள் மன்றத்தைத் தொடங்கினார்கள். 2009இல் இறக்கும் வரை அந்த நிலைப்பாட்டிலிருந்து அவர் இறங்கவில்லை. அவர் பக்கமே என் மனம் சாய்கிறது. கொல்லப்பட்டவரின் வீட்டில் போய் உட்காரும்போது, கொன்றது யார் என்பதைப் பொறுத்து நம் அக்கறை மாறுமானால், அந்த வீட்டார் அதை உடனே கண்டுகொள்வார்கள்.

இவர்கள் எந்தக் கட்சி?

தனிப்பட்ட முறையில் எந்தக் கட்சியாகவும் இருக்கலாம். அமைப்பு எந்தக் கட்சியாகவும் இருக்கக் கூடாது. தன் நண்பர்கள் ஆட்சிக்கு வந்த பிறகும் அமைப்பு அதே குரலில் பேசுகிறதா என்று பார்த்தால் போதும், உண்மை தெரிந்துவிடும்.

1936இல் பிறந்த இந்திய சங்கத்துக்கு அந்தச் சோதனை அடுத்த ஆண்டே வந்தது. மாகாணங்களில் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு சோஷலிஸ்டுத் தலைவர் பாட்லிவாலாவை ராஜதுரோகப் பேச்சுக்காகக் கைது செய்தது. இந்தி எதிர்ப்புப் போராட்டக்காரர்கள் மீது, காங்கிரஸே எதிர்த்து வந்த பிரிட்டிஷ் காலக் குற்றவியல் திருத்தச் சட்டத்தைப் பயன்படுத்தியது. சங்கம் மெல்ல மெல்லத் தளர்ந்து மறைந்தது. அமெரிக்காவிலும் கறை உண்டு. 1940இல் எலிசபெத் கர்லி ஃப்ளின் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் என்ற ஒரே காரணத்துக்காக, தொடக்க காலத்திலிருந்து உடனிருந்த அவரை ஒன்றியம் தன் நிர்வாகக் குழுவிலிருந்து வெளியேற்றியது. கருத்துச் சுதந்திரத்துக்காகப் பிறந்த அமைப்பு ஒருவருடைய கருத்துக்காக அவரை நீக்கியது. 1976இல் அந்த முடிவை ரத்து செய்தார்கள். அதற்குள் அவர் இறந்துவிட்டிருந்தார்.

சம்பளம் உண்டா? பணம் எங்கிருந்து வருகிறது?

இரண்டு வகை உண்டு. மக்கள் சிவில் உரிமைக் கழகம் போன்றவை பெரும்பாலும் தன்னார்வலர்களால் நடப்பவை. நிதி நிறுவனங்களிடம் பணம் வாங்குவதில்லை. உறுப்பினர்கள் தங்கள் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு மிச்ச நேரத்தைத் தருகிறார்கள். அமெரிக்க ஒன்றியமும் பிரிட்டனின் ‘லிபர்ட்டி’யும் உறுப்பினர் சந்தாவையும் நன்கொடையையும் கொண்டு முழுநேர ஊழியர்களை வைத்திருப்பவை. முதல் வகையில் சுதந்திரம் அதிகம், ஆள் பற்றாக்குறையும் அதிகம். இரண்டாவது வகையில் நீண்ட வழக்குகளை இழுத்துப் பிடிக்க முடியும். ஆனால் பணம் நின்றால் கதவும் மூடும். 2020 செப்டம்பரில் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டதைத் தொடர்ந்து ஆம்னெஸ்டி இந்தியா என்ற மனித உரிமை அமைப்பு தன் பணிகளை நிறுத்தி ஊழியர்களை அனுப்ப வேண்டியதாயிற்று.

சம்பளம் வாங்கிக்கொண்டு உரிமை பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். மருத்துவர் வாங்குகிறார், நீதிபதி வாங்குகிறார். பட்டினி கிடந்தால்தான் நேர்மை என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. கணக்கை வெளியிடுகிறார்களா என்று கேளுங்கள். அதுதான் சரியான கேள்வி.

ஆபத்தான வேலையா?

பல நாடுகளில், ஆம். ராமநாதம் 1985 செப்டம்பர் 3 அன்று வாரங்கல்லில் தன் மருத்துவமனையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். குழந்தைகளுக்கு மருந்து எழுதிக்கொண்டிருந்த மனிதர் அவர். ரஷ்யாவின் செச்சென்யாவில் கடத்தல்களைப் பதிவு செய்துவந்த ‘மெமோரியல்’ என்ற மனித உரிமை அமைப்பின் நடாலியா எஸ்தெமிரோவா முன்பு வரலாற்று ஆசிரியர். 2009 ஜூலை 15 அன்று குரோஸ்னியில் வீட்டருகே கடத்தப்பட்டு அன்றே கொல்லப்பட்டார். ‘மெமோரியல்’ அமைப்பையே கலைக்கும்படி 2021 டிசம்பரில் ரஷ்ய நீதிமன்றம் உத்தரவிட்டது. மறு ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசை அந்த அமைப்போடு உக்ரைனின் சிவில் உரிமைகள் மையமும் பெலாரஸின் அலெஸ் பியாலியாட்ஸ்கியும் பகிர்ந்துகொண்டார்கள். பரிசு அறிவிக்கப்பட்டபோது பியாலியாட்ஸ்கி சிறையில் இருந்தார்.

கொலை அரிது, வழக்குகள் அரிதல்ல. சத்தீஸ்கரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்த குழந்தை நல மருத்துவரும் மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் துணைத்தலைவருமான பினாயக் சென் 2007இல் கைதானார். 2010 டிசம்பரில் ராஜதுரோகக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றார். 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் தந்தது. ஆனாலும் அதிக ஆபத்தில் இருப்பவர்கள் அமைப்பின் ஊழியர்கள் அல்லர். அவர்களிடம் வாய் திறந்த சாட்சிகள்தான். ஊழியர் நகரத்துக்குத் திரும்பிவிடுவார். சாட்சி அதே தெருவில் இருந்தாக வேண்டும். இதை மறந்தவர் எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் இந்த வேலைக்குத் தகுதியற்றவர்.

வழக்கு தோற்றுப்போனால் அத்தனையும் வீண்தானே?

1942இல் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை வீடுகளிலிருந்து கிளப்பி முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். போக மறுத்த ஃப்ரெட் கொரமாட்சு என்ற 23 வயது வெல்டர் கைதானார். சிவில் உரிமைகள் ஒன்றியத்தின் சான்பிரான்சிஸ்கோ கிளையைச் சேர்ந்த எர்னெஸ்ட் பெசிக் சிறைக்கே போய் அவரைப் பார்த்து வழக்கை எடுத்தார். நியூயார்க் தலைமையகம் தயங்கியது. குடியரசுத் தலைவரின் ஆணையை நேரடியாக எதிர்க்க வேண்டாம் என்றது. பெசிக் கேட்கவில்லை. 1944இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் கொரமாட்சுவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

அதே முகாம்களில் பள்ளி வயதில் அடைபட்டவர் ஐகோ ஹெர்சிக் யோஷினாகா. சட்டம் படிக்கவில்லை, அலுவலகங்களில் எழுத்தர் வேலை பார்த்தவர். பிற்காலத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தில் நாள்தோறும் போய் உட்கார்ந்து தாள் தாளாகப் புரட்டினார். நாடாளுமன்றம் அமைத்த விசாரணை ஆணையம் அவரை ஆய்வாளராகச் சேர்த்துக்கொண்டது. 1980களின் தொடக்கத்தில் ஒருநாள், காப்பக ஊழியர் ஒருவரின் மேசை மீது ஓர் அறிக்கைப் பிரதி அவர் கண்ணில் பட்டது. முகாம்களுக்கு உத்தரவிட்ட ஜெனரல் டிவிட்டின் இறுதி அறிக்கை அது. வெளியான அறிக்கையில், விசுவாசமானவர்களைப் பிரித்தறிய அவகாசம் இல்லை என்று இருந்தது. இந்த முதல் பிரதியிலோ, அவகாசம் ஒரு பொருட்டே அல்ல, அந்த இனத்தவரில் யார் விசுவாசி என்று பிரித்தறியவே முடியாது என்று இருந்தது. மற்றப் பிரதிகள் எரிக்கப்பட்டிருந்தன. இது ஒன்று தப்பியிருந்தது. அரசு நீதிமன்றத்திடம் உண்மையை மறைத்ததற்கான சான்றுகளில் இதுவும் ஒன்றானது. 1983இல் கொரமாட்சு மீதான தண்டனை நீக்கப்பட்டது.

தோற்ற வழக்கின் கோப்புகளைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கும் ஆவணக் காப்பாளர்களுக்கு நான் தரும் மரியாதை, வென்ற வழக்கறிஞர்களுக்குத் தருவதைவிடக் குறைந்ததல்ல.

நாள் முழுக்க இதையே கேட்டால் மனம் என்னவாகும்?

பாதிக்கும். சித்திரவதைச் சாட்சியங்களைத் தட்டச்சு செய்கிறவர், மொழிபெயர்க்கிறவர், பிரேதப் படங்களை வரிசைப்படுத்துகிறவர் ஆகியோர் களத்துக்கே போகாவிட்டாலும் தூக்கம் இழக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் நிலை இன்னும் கடினம்; ‘என்னை அவர்கள்’ என்று தன்மையில் அவர் வாயாலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல அமைப்புகள் வேலையை மாற்றி மாற்றித் தருகின்றன, விடுப்பை வற்புறுத்துகின்றன, பேசுவதற்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்கின்றன. தியாகம் என்ற பெயரில் இதைக் கண்டுகொள்ளாத அமைப்புகளும் இருக்கின்றன. அங்கே ஆட்கள் நிலைப்பதில்லை.

சட்டம் படிக்காத நான் சேரலாமா?

தாராளமாக. தெளிவாக எழுதத் தெரியுமா? இரண்டு மொழி தெரியுமா? கணக்குப் பார்க்கத் தெரியுமா? முன்பின் தெரியாத ஒருவர் பேசுவதை ஒரு மணி நேரம் குறுக்கிடாமல் கேட்க முடியுமா? இவற்றில் ஒன்று இருந்தாலும் வேலை இருக்கிறது. முதல் ஆண்டில் கூட்டங்களுக்கு நாற்காலி போடுவதும் தீர்ப்புகளை நகலெடுப்பதும் கோப்புகளுக்கு எண் போடுவதுமாகவே போகலாம். அந்த ஆண்டில் பழைய உண்மை அறியும் அறிக்கைகளை எடுத்துப் படியுங்கள். புகழ் தேடி வருகிறவர்கள் சீக்கிரம் சலித்துப் போய்விடுவார்கள்.

இவர்களிடம் உதவி கேட்டுப் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

நடந்ததைத் தேதி வரிசையில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நினைவு பசுமையாக இருக்கும்போதே எழுதுவது நல்லது. முதல் தகவல் அறிக்கை, கைதுக் குறிப்பு, மருத்துவச் சீட்டு, புகைப்படங்கள் இருந்தால் எடுத்துப் போங்கள். காயங்கள் இருந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள், பிறகு அமைப்புக்கு. அசல் ஆவணங்களைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். நகல் கொடுத்தால் போதும். உங்களுக்குப் பாதகமான விஷயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு அதை எப்படியும் கண்டுபிடிக்கும். உங்கள் வழக்கறிஞர் அதை நீதிமன்றத்தில் முதன்முறையாகக் கேட்க நேர்ந்தால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

எல்லா முறையீட்டையும் அமைப்பால் எடுக்க முடியாது. எடுக்க முடியாவிட்டால் உடனே சொல்லச் சொல்லுங்கள், வேறு எங்கே போகலாம் என்றும் கேளுங்கள். ஏனென்றால் மேல்முறையீட்டுக்கும் புகாருக்கும் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் பெயரை வெளியிடலாமா, கூடாதா என்று அவர்களே கேட்க வேண்டும். கேட்காவிட்டால், கிளம்புவதற்கு முன் நீங்கள் சொல்லிவிட்டு வாருங்கள். சொன்னதை எழுதி வைத்துக்கொண்டார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.